ராஜகனிக்கு ஆறு விநாடி

டிசம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மாடியில் காயப்போட்டிருந்த சுண்டைக்காய் வற்றலை அள்ளி உள்ளே கொண்டுவந்தேன். பாதி நனைந்துவிட்டது.

பதினோரு மணிக்கு பிரேமகுமாரி போன் செய்தாள். ஆசிரியர் பயிற்சியில் எங்களோடு படித்தவள். எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவளும் அவள்தான். படிப்பு முடிந்து நாற்பது வருஷம் ஆகிறதாம். ஜனவரி 25ஆம் தேதி விருதுநகரில் ஒரு மண்டபத்தில் எல்லோரும் கூடுகிறோம்.

"செம்பா, நீ ஹெச்.எம்.மா இருந்தப்ப ஆண்டு விழாவுக்கெல்லாம் போட்டோவ வரிசையா ஓடவிட்டுப் பாட்டுப் போடுவியே, அதே மாதிரி நமக்கும் ஒண்ணு செஞ்சு குடு. அஞ்சு நிமிஷம் போதும்."

சரி என்றேன். மே மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து லேப்டாப்பைத் திறக்கவேயில்லை. துணியால் துடைத்துச் சார்ஜ் போட்டேன்.

டிசம்பர் 17, புதன்

இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்திருக்கின்றன. பேரப்பிள்ளை படம், வீட்டுப் பால்காய்ச்சுப் படம் என்று எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைத் தள்ளிவிட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் தனியாக எடுத்தேன். அவை முப்பத்தொன்று இருந்தன.

விடுதிக் கிணற்றடியில் நாலு பேர் பல் விளக்குகிறார்கள். கோமதி தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு பாடக்குறிப்பு எழுதுகிறாள். மாதிரி வகுப்புக்காகச் செய்த அட்டைக் கடிகாரத்தைத் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பிரேமகுமாரி சாமி மாதிரி நிற்கிறாள். நான் ஒன்றில் சிரிக்கிறேன். அத்தனை ஒல்லியாக இருந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

இவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

"நல்லா எடுத்திருக்காங்களே டீச்சர். யாரு எடுத்தா?"

"கூடப் படிச்ச ஒருத்தி."

ராஜகனி. எங்கள் ஐம்பது பேரில் கேமரா வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். விடுதியில் கேமராவுக்கு அனுமதி கிடையாது. மாவுருண்டை டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருப்பாள். இரண்டாம் வருஷம் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

பாட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. வேகமான பாட்டில் முகங்களைப் பார்க்க நேரமில்லாமல் போகிறது. மெதுவான பாட்டு வைத்தால் சாவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் வீணையும் தபேலாவும் மட்டும் வருகிற ஒரு துண்டைப் பிடித்தேன். தபேலா அடி விழுகிற இடத்தில் படம் மாற வேண்டும். ஒரு படத்துக்கு நாலு விநாடி சரியாக வருகிறது.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. சாயங்காலம் இலங்கை வானொலி வைப்பார்கள். பாட்டு முடிகிறவரை யாரும் தட்டைக் கழுவ எழுந்திருக்கமாட்டோம். வீணையைக் கேட்டுக்கொண்டே படங்களை மாற்றி மாற்றி வைத்ததில் மதியச் சோறு வைக்க மறந்துவிட்டேன். இவர் கடைக்குப் போய் இட்லி வாங்கி வந்தார்.

டிசம்பர் 22, திங்கள்

இறந்துபோனவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி வைக்கவேண்டும் என்று பிரேமகுமாரி பட்டியல் அனுப்பினாள். ஏழு பேர். ஏழாவது பெயர் ராஜகனி.

போன் செய்து கேட்டேன்.

"கொரோனாவுல போயிட்டாளாம்ப்பா. நாசரேத்துல போஸ்டர் ஒட்டியிருந்ததைப் பாத்ததா நம்ம குரூப்புல எழுதியிருந்தாங்க. நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டேன். அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கி வந்து எண்ணெய்க் குழம்பு வைத்தேன். ஒன்பது மணிக்கே படுத்து விடியும்வரை அசையாமல் தூங்கினேன். இப்படித் தூங்கி ரொம்ப நாளாயிற்று.

டிசம்பர் 23, செவ்வாய்

அஞ்சலிப் பகுதிக்குத் தனிப் புல்லாங்குழல் இசை. ஆளுக்கு ஆறு விநாடி கொடுத்தேன்.

டிசம்பர் 27, சனி

ராஜகனியின் படம் யாரிடமும் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள். எதிலும் அவள் நிற்கவில்லை. கிணற்றடிப் படத்தின் கீழ் ஓரத்தில் தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது, இரண்டு முழங்கையும் வெளியே நீட்டிக்கொண்டு. அது அவளுடைய நிழல். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புத்தான் பெரிதாகிறது.

ஒரு மெழுகுவர்த்திப் படம் வைத்து, கீழே பெயரை எழுதினேன்.

இவர் பார்த்துவிட்டு, "ஆறு பேருக்கு முகம் வச்சிட்டு ஒருத்திக்கு மட்டும் மெழுகுவத்தி வச்சா நல்லாவா இருக்கும்? வீட்டு ஆளுககிட்ட கேட்டா ஒரு போட்டோ குடுக்கமாட்டாங்களா?" என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

பிரேமகுமாரி எப்படியோ விசாரித்து ஒரு நம்பர் வாங்கிவிட்டாள். ராஜகனியின் அண்ணன் ஏரலில் பெயிண்ட் கடை வைத்திருந்தாராம், அந்தக் கடை நம்பர். இன்று கூப்பிட நேரமில்லை. மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்திருந்தான்.

டிசம்பர் 30

கேஸ் வந்தது. நாளைக்குக் கூப்பிட வேண்டும்.

ஜனவரி 2, வெள்ளி

பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம். ராஜகனி வீட்டு ஆளுங்களாங்க? நான் அவங்க கூடப் படிச்சவ. அவங்க போட்டோ ஒண்ணு வேணும்."

"எதுக்கு?"

"எங்க செட்டு எல்லாரும் கூடுறோம். அஞ்சலிக்கு வைக்க."

 பெயிண்ட் டப்பாவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"யாருக்கு அஞ்சலி? ராஜகனிதான் பேசுதேன்."

போனை வைத்துவிட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை.

ஜனவரி 3, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

நாசரேத்தில் இறந்தது வேறொரு ராஜகனி. பிரேமகுமாரியிடம் சொன்னேன். "ஐயையோ, நல்லவேளை" என்றாள். மெழுகுவர்த்திப் படத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தாள். நான் எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இவரிடம் சொன்னேன். முப்பத்தேழு வருஷக் குடும்பத்தில் சொல்லாதது. இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

1986 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வார்டன் மங்கையர்க்கரசி மேடம் தன் பட்டுப் புடவைகளை மாடியில் வெயில் காட்டப் போட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் அதுவரை பட்டு கட்டியதில்லை. எங்கள் அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் மட்டும். ஒரு அரக்குப் புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டேன். ராஜகனி வேண்டாம் என்றாள். நான்தான் கேமராவை எடுத்துவரச் சொன்னேன். மூன்று படம் எடுத்தாள். இறங்குகிறபோது தண்ணீர்த் தொட்டியின் கம்பியில் மாட்டி ஒரு சாண் கிழிந்தது. மடித்து மறுபடி கொடியில் போட்டுவிட்டோம்.

அது மேடத்துடைய அம்மாவின் புடவை என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஐம்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் பெட்டிகளைச் சோதித்தார். ராஜகனியின் டப்பாவிலிருந்து கேமரா வந்தது. மாடியில் யாரோ பட்டுக் கட்டி நின்றதை எதிர்வீட்டில் பார்த்து அவரிடம் சொல்லியிருந்தார்கள். "இந்தப் பிலிமைக் கழுவுனா மாடியில நின்னது யாருன்னு தெரிஞ்சுரும்" என்றார்.

ராஜகனி முன்னால் போனாள். கேமராவை எடுத்துக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தோம். பின்பக்கத்து மூடியைப் படக்கென்று திறந்து சுருளை வெளியே இழுத்தாள். வெளிச்சம் பட்டால் பிலிமில் எதுவும் நிற்காது.

"நான்தான் மேடம் கட்டுனேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். அவளுக்கு வீட்டில் கடை இருக்கிறது, அண்ணன்மார் இருக்கிறார்கள், அவளுக்கு இந்த வேலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். கடிதம் எழுதவில்லை. பிறகு முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன், அதில் பதினொரு வருஷம் தலைமை ஆசிரியை.

இவர் கையைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டார். கையில் சோறு காய்ந்துபோயிருந்தது.

"போன்ல பேசுற விஷயமில்ல இது. நேர்ல போ" என்றார்.

ஜனவரி 7, புதன்

ஏரல் போய்வந்தேன். தூத்துக்குடியில் இறங்கி வேறு பஸ். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

பஜாரில் மூன்றாவது கடை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சமயம் என்பதால் ஒரே கூட்டம். கல்லாவில் இருந்த பெண் நரைத்த தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வா. அன்னைக்குப் போன் பண்ணுனது நீதான? கொரல் தெரிஞ்சுச்சு" என்றாள்.

வெள்ளைச் சிமெண்ட் மூட்டையைத் தட்டி உட்காரச் சொன்னாள். குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தாள். அண்ணன் இறந்தபின் கடையை அவள்தான் பார்க்கிறாளாம். வீட்டுக்காரர் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார். ஒரே மகள், சென்னையில்.

"முப்பத்திமூணு வயசுலதான் எனக்குக் கல்யாணம்" என்றாள். "வார்டன் வெளிய அனுப்புன பிள்ளைன்னு ஊருக்குள்ள பேச்சு. பொண்ணு பாக்க வாரவங்க எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"எவ்வளவு நாள்?"

"அது ஒரு எட்டொம்பது வருஷம்."

சொல்லிவிட்டு ஒரு ஆளுக்குச் சந்தன நிறம் கலந்து கொடுக்கப் போனாள்.

இன்னொரு மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து ஓடவிட்டேன். நின்றுகொண்டே பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் கதை சொன்னாள். கோமதிக்குத் தலைவலி இல்லையாம், பேன் மருந்து போட்டிருந்தாளாம். கிணற்றடியில் பல் விளக்கும்போது எடுத்ததற்காக ஒருத்தி இரண்டு நாள் பேசவில்லையாம். "இந்தப் படத்த ரெண்டு தடவ எடுத்தேன். மொத தடவ எல்லாரும் கண்ண மூடிட்டாளுக" என்றாள். பத்தொன்பது வயதில் அவள் பேசுகிற மாதிரியே இருந்தது. நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துதான் போயிற்று.

பிறகு புல்லாங்குழல் ஆரம்பித்தது. ஆறு முகங்கள் வந்து போயின. மெழுகுவர்த்தி வந்தது. அதை எடுக்காமல் கொண்டுபோயிருந்தேன். அவளிடம் மறைக்கக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

குனிந்து பெயரைப் படித்தாள்.

"இதுல நான் செத்துட்டனா?"

"தப்பாச் சொல்லிட்டாங்க, ராஜகனி."

"உயிரோட இருக்கவளுகள எல்லாம் சட்டுசட்டுன்னு மாத்துத. செத்தவளுகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?"

"ஆறு விநாடி வச்சேன்."

"எனக்கும் ஆறா? தாராளந்தான்."

சிரித்தாள். நான் எழுந்து நின்றேன். "ராஜகனி, அந்தச் சீல விஷயம்…" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "என்னண்ணே, பிரைமரா? எத்தன லிட்டர்?" என்றாள். வாசலில் நின்றவர் வாயே திறந்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும் ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டேன். "நீங்க கடைசியா குரூப் போட்டோ எடுத்தீங்கள்லா, அதுல நான் இல்லியே. பரீட்ச எழுதுனவளுக சேருத எடத்துல எனக்கென்ன வேலை?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நாலரைக்கு பஸ்ஸு. அத விட்டா ஆறு மணிக்குத்தான்" என்று அவளே சொன்னாள். கிளம்பினேன்.

ஜனவரி 10, சனி

மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. இசை மட்டும் ஆறு விநாடி தனியாக ஓடுகிறது.

ஜனவரி 17, சனி

பொங்கல் வேலைகள் முடிந்தன. மகன் குடும்பம் இன்று காலை ஊருக்குக் கிளம்பிவிட்டது. வீட்டில் சத்தமில்லை.

காலியான அந்த இடத்தை அஞ்சலிப் பகுதியிலிருந்து தூக்கி, கறுப்பு வெள்ளைப் படங்களின் கடைசியில் வைத்தேன். அங்கே வெறும் வெள்ளை. வீணை நின்றுவிடும். ஆறு விநாடிக்குப் பின் எழுத்து வரும். எழுதி எழுதி அழித்தேன். 'ஒரு மாணவி' என்று முதலில் எழுதியிருந்தேன். அதை மாற்றி என் பெயரைப் போட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

பிரேமகுமாரிக்கு முன்கூட்டியே அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"செம்பா, மேடம் வாராங்கப்பா. எம்பத்தேழு வயசு. அவங்களுக்குத்தான் முதல் மாலை. இதை ஓட்டுனா எல்லாருக்கும் சங்கடம். எடுத்துரு."

"எடுத்தா முழுசையும் எடுத்துருவேன்."

"நாப்பது வருஷம் கழிச்சு யாருக்கு இது வேணும்?"

 எடுக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவளிடம் இப்படிப் பேசியதில்லை. போனை வைத்தபின் முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

முப்பத்திநாலு பேர் வந்தார்கள். அடையாளம் தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துப் பெயர் கேட்டுக் கட்டிப்பிடித்து அழுது சிரித்து, பதினோரு மணி வரை அதுவே சரியாகப் போயிற்று. மேடத்தைத் தம்பி மகன் கைபிடித்துக் கூட்டிவந்தார். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "செண்பகவல்லி, நல்ல பிள்ள" என்றார்.

விளக்கை அணைத்தார்கள். வீணை ஆரம்பித்ததும் கூடமே அமைதியாகிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெருமூச்சு, ஒரு சிரிப்பு. முப்பத்தொரு படம் முடிந்து திரை வெள்ளையானது. பாட்டு நின்றது. வயர் விட்டுப்போச்சு என்று ஒருத்தி எழுந்தாள். பிரேமகுமாரி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

எழுத்து வந்தது. முன்வரிசையிலிருந்து மேடம் கேட்டார்: "என்னம்மா போட்டிருக்கு? எனக்கு எழுத்துத் தெரியல. செண்பகவல்லி, நீ வாசி."

வாசிக்கவேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எழுந்து நின்று வாசித்தேன்.

"இங்கே ஒரு படம் இருந்திருக்க வேண்டும். 1986 பிப்ரவரி 9. மங்கையர்க்கரசி மேடத்தின் புடவையைக் கட்டிக்கொண்டு மாடியில் நின்றவள் செண்பகவல்லி. புடவையைக் கிழித்தவள் செண்பகவல்லி. படம் எடுத்தவள் ராஜகனி. என்னைக் காப்பாற்ற அவள் பிலிமை வெளிச்சத்தில் இழுத்தாள். நான் வரிசையில் பேசாமல் நின்றேன். இதுவரை நீங்கள் பார்த்த முப்பத்தொரு படமும் அவள் எடுத்தவை."

படம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

மேடம் கைத்தடியை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"அவ இருக்காளா?"

"இருக்கா மேடம். ஏரல்ல."

"போன் போடு."

போட்டுச் சத்தமாகக் கேட்கும்படி வைத்து அவர் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது போல. பெயிண்ட் கலக்குகிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"ராஜகனி, நான் மங்கையர்க்கரசி பேசுறேன். வார்டன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருப்பாள்.

"சொல்லுங்க மேடம்."

"சீலை போனாப் போகுது. யாரு கிழிச்சா என்ன. உன்னைப் பரீட்சை எழுத விட்டிருக்கணும். ஒரு மாசந்தான் இருந்துச்சு. நான் எழுத விட்டிருக்கணும்மா."

நாங்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இயந்திரம் நின்றுவிட்டது.

"கடையில ஆளு நிக்காங்க மேடம்," என்றாள் ராஜகனி. குரல் சரியாக இல்லை. "அப்புறம் பேசுதேன்."

பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே இருந்தது. பாயசம் வருகிற நேரத்தில் பிரேமகுமாரி வந்து உட்கார்ந்தாள்.  தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள்.

ஜனவரி 28, புதன்

ராஜகனி போன் செய்தாள். நானாகக் கூப்பிடவில்லை, அவளே செய்தாள்.

"மேடம்கிட்ட நேத்து ஒரு மணி நேரம் பேசுனேன். பாவம், வயசாயிட்டு. பிரேமா அந்தப் படத்த அனுப்பியிருந்தா, பாத்தேன்."

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இந்தத் தடவை கடைக்கு யாரும் வரவில்லை. கேட்டாள்.

"நீ ஒரு லெட்டராவது போடுவேன்னு நெனச்சேன்," என்றாள். "தபால்காரன் வார நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பேன். அந்த வருஷம் பூரா நின்னேன். பரீட்ச போனதுகூட எனக்கு அவ்வளவா இல்ல, செம்பா. அதுதான்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஒங்கிட்ட சரியாப் பேசுததுக்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். ஆனாலும் நீ கூப்பிடு. நான் எடுக்காட்டாலும் கூப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 30, வெள்ளி

காலை பத்தரைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

எடுக்கவில்லை. மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் சரிசெய்தாயிற்று.

பிப்ரவரி 4, புதன்

எடுக்கவில்லை. "விடு டீச்சர், எடுக்கும்போது எடுக்கட்டும்" என்றார் இவர். நாளை மறுநாள் கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

எடுத்தாள். கடைக்குச் சரக்கு வந்து இறங்குகிறதாம், பேச நேரமில்லை என்றாள். வைக்கப்போனவள், வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டாள். புளிக்குழம்பு என்றேன். அங்கேயும் அதுதான் என்றாள்.